பல்லுக்கு நாள் குறிக்கும் புரதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஈறுக்குள் பல் எப்படி உருவாகிறது, அதை முளைக்கச் சொல்வது எது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள், பல் மருத்துவர்கள், பெற்றோர் என மூன்று தரப்பும் கேட்டிருப்பதால் சில பதில்கள் நீளமாகவும் சில இரண்டு வரியிலும் இருக்கும்.

கேள்வி: பல் வளர்ச்சி பற்றிய பாடங்களில் "ஹார்மோன் போன்ற புரதங்கள்" என்று வருகிறது. இவை ஹார்மோன்களா? எங்கிருந்து வருகின்றன? (உயிரியல் ஆசிரியை)

பதில்: ஹார்மோன்கள் இல்லை. வேலை செய்யும் முறை மட்டும் ஒன்று. ஒரு செல் புரதத்தைச் சுரக்கிறது. அதற்குப் பொருந்தும் ஏற்பியை வைத்திருக்கும் இன்னொரு செல் அதைப் பிடித்துக்கொள்கிறது. உடனே அந்தச் செல்லுக்குள் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன, சில நிறுத்துகின்றன. வேறுபாடு தூரத்தில்தான். தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் ஏறி உடல் முழுக்கப் போகும். பல் முளையில் சுரக்கும் புரதமோ பக்கத்துச் செல்களோடு நின்றுவிடும். மிஞ்சிப்போனால் சில பத்து செல்கள் தள்ளிப் போகும். அதனால் ஒரே புரதம் தாடையின் முன்பக்கம் ஒரு வேலையும், சில மில்லிமீட்டர் பின்னால் வேறு வேலையும் செய்ய முடிகிறது.

ஐந்து குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்: பிஎம்பி, எஃப்ஜிஎஃப், சோனிக் ஹெட்ஜ்ஹாக், விண்ட், எக்டோடிஸ்ப்ளாசின். இவற்றில் எதுவும் பல்லுக்கென்றே பிறந்ததல்ல. பிஎம்பியின் கதை எலும்பில் தொடங்கியது. தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகிறது என்று 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதற்குக் காரணமான பொருள்தான் பின்னாளில் பிஎம்பி குடும்பமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. முடி, இறகு, வியர்வைச் சுரப்பி, நுரையீரல் எல்லாவற்றுக்கும் இதே ஐந்து குடும்பங்கள்தான். எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு என்பதுதான் உறுப்பைத் தீர்மானிக்கிறது.

இவை வெளியிலிருந்து வருவதில்லை, பல் முளையே தயாரிக்கிறது. கரு வளர்ச்சியின் ஆறாவது வாரத்தில் வாயின் உட்புறத் தோல், அதாவது எபிதீலியம், தாடை ஓரமாக ஒரு பட்டையாகத் தடிக்கிறது. அதன் அடியில் இருப்பது மெசன்கைம். நரம்பு முகட்டிலிருந்து, அதாவது கருவின் முதுகுப்பக்கம் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து, நகர்ந்து வந்து சேர்ந்த செல்கள் இவை. எனாமல் மேலடுக்கிலிருந்து வரும். டென்டின், பல்கூழ், வேரைப் போர்த்தும் சிமென்டம் மூன்றும் கீழடுக்கிலிருந்து வரும். முதலில் பேசுவது மேலடுக்கு. அது பிஎம்பி-4, எஃப்ஜிஎஃப்-8 இரண்டையும் சுரக்கிறது. அதைக் கேட்டுக் கீழடுக்கில் எம்எஸ்எக்ஸ்-1, பேக்ஸ்-9 போன்ற மரபணுக்கள் விழிக்கின்றன. விழித்த கீழடுக்கு தானே பிஎம்பி-4 தயாரித்து மேலே திருப்பி அனுப்புகிறது.

சுண்டெலியில் இந்தக் கைமாற்றம் கருவின் ஏறத்தாழ 12-ஆம் நாளில் நடக்கிறது. அதற்கு முன் தாடை எபிதீலியத்தை எடுத்து, பல்லே வளராத இடத்து மெசன்கைமின் மேல் வைத்தாலும் பல் உருவாகும். அதற்குப் பின் பல் மெசன்கைமை எடுத்துப் பாதத்துத் தோலின் அடியில் வைத்தாலும் பல் உருவாகும். அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எம்எஸ்எக்ஸ்-1 இல்லாத சுண்டெலியில் பல் அரும்பு நிலையிலேயே நின்றுவிடுகிறது. காரணம், கீழடுக்கால் போதிய பிஎம்பி-4 தயாரிக்க முடியவில்லை. அந்த முளைக்கு வெளியிலிருந்து பிஎம்பி-4 கொடுத்தால் அது அடுத்த கட்டமான தொப்பி நிலைக்குப் போகிறது.

கேள்வி: முன்னால் வெட்டுப்பல், பின்னால் கடைவாய்ப்பல் என்று தாடைக்கு எப்படித் தெரிகிறது? (கல்லூரி மாணவர்)

பதில்: எந்தப் புரதம் எங்கே சுரக்கிறது என்பதை வைத்துத்தான். இளம் தாடையின் முன்பகுதி எபிதீலியம் பிஎம்பி-4 சுரக்கும், பின்பகுதி எஃப்ஜிஎஃப்-8 சுரக்கும். எஃப்ஜிஎஃப்-8 கிடைக்கும் பகுதியில் பார்க்ஸ்-1 என்ற மரபணு இயங்கும், அது கடைவாய்ப்பல் பகுதி. பிஎம்பி-4 அந்த மரபணுவை அடக்கி எம்எஸ்எக்ஸ்-1-ஐ எழுப்பும், அது வெட்டுப்பல் பகுதி. 1998-ல் டக்கர், மேத்யூஸ், ஷார்ப் மூவரும் இதைச் சோதித்தார்கள். பிஎம்பியைக் கட்டிப்போடும் நாகின் என்ற புரதத்தில் நனைத்த மணிகளைச் சுண்டெலித் தாடையின் முன்பகுதியில் வைத்தார்கள். தடை நீங்கியதும் பார்க்ஸ்-1 முன்பகுதிக்கும் பரவியது. வெட்டுப்பல் வர வேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல் வடிவம் வந்தது. கருவின் 10-ஆம் நாள் வாக்கில் வைத்தால்தான் இது பலிக்கும். அதற்கு மேல் கீழடுக்கு முடிவெடுத்துவிடும், பிறகு மேலடுக்கின் சொல் அங்கே எடுபடாது.

கேள்வி: முதுகலை ஆய்வில் மணிச் சோதனை செய்கிறேன். 11-ஆம் நாள் சுண்டெலிக் கருவின் பல் மெசன்கைமில் பிஎம்பி-4 மணி வைத்தால் சில தடவை எம்எஸ்எக்ஸ்-1 தெரிகிறது, சில தடவை இல்லை. சில தடவை வெறும் ஆல்புமின் மணியைச் சுற்றியும் தெரிகிறது. எங்கே கோளாறு? (ஆய்வு மாணவி)

பதில்: ஆல்புமின் மணி ஒப்பீட்டுக்காக வைப்பது, அதில் பிஎம்பி இல்லை. அதைச் சுற்றியும் மரபணு தெரிகிறது என்றால் மணியைச் சந்தேகிக்க வேண்டாம், திசுவைச் சந்தேகியுங்கள். எபிதீலியம் முழுதாக உரிபடவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் சில செல்களே பிஎம்பி சுரந்துகொண்டிருக்கும். டிஸ்பேஸ் நொதியில் 37 டிகிரியில் வைக்கும் நேரத்தைக் கருவின் வயதுக்கு ஏற்ப மாற்றுங்கள். இளம் திசுவுக்குச் சில நிமிடங்களே போதும், ஒரு நாள் மூத்ததற்குக் கூடுதலாக வேண்டும். நொதியில் கிடந்ததும் சீரம் கலந்த ஊடகத்துக்கு மாற்றி நொதியை நிறுத்திவிட்டு, பிறகு ஊசியால் பிரியுங்கள். சரியாக உரிந்த எபிதீலியம் ஒரே தாளாக, ஓரம் கிழியாமல் வரும். துண்டு துண்டாக வந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மணியே வைக்காத ஒரு மெசன்கைமையும் சேர்த்து வளர்த்தால் இந்தச் சந்தேகம் உடனே தீரும்.

சில தடவை ஒன்றுமே தெரியவில்லை என்பதற்குப் பெரும்பாலும் புரதம்தான் காரணம். பிஎம்பி-4 கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.1 சதவீதம் ஆல்புமின் சேர்த்துக் கரையுங்கள். ஒருதடவை பயன்பாட்டுக்கான சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கி மறுபடி உறையவைத்த பங்கைத் தொடாதீர்கள். மைக்ரோலிட்டருக்கு 100 நானோகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. கழுவி ஈரம் உறிஞ்சிய அகரோஸ் மணிகள் சிலவற்றைச் சுமார் 5 மைக்ரோலிட்டர் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். வைக்கும் முன் ஒருமுறை மட்டும் உப்புக் கரைசலில் அலசுங்கள். பலமுறை அலசினால் புரதமும் போய்விடும். எஃப்ஜிஎஃப்-க்கு இந்த மணி உதவாது. அது ஹெபாரினில்தான் நன்றாக ஒட்டும், ஆகவே ஹெபாரின் பூசிய மணி வேண்டும். எஃப்ஜிஎஃப்-8 வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மூன்றாவது, வயது. இணைசேர்ந்த நாளை வைத்துக் கருவின் வயதைக் கணக்கிட்டால் ஒரே தாயின் கருக்களுக்குள்ளேயே அரை நாள் வேறுபாடு வரும். அந்தக் கட்டத்தில் அரை நாள் மிகப் பெரிது. ஒவ்வொரு கருவிலும் முதுகோரம் வரிசையாகத் தெரியும் உடற்கண்டங்களை எண்ணி ஒத்தவற்றை மட்டும் ஒன்றாக ஒப்பிடுங்கள்.

வளர்ப்புத் தட்டில் திசு ஊடகத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உலோக வலைமேல் 0.1 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாள், அதன்மேல் திசு, ஊடகத்தின் மட்டம் வடிதாளைத் தொட்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் திசு மூழ்கி ஆக்சிஜன் இல்லாமல் நடுப்பகுதி கருத்துவிடும். குறைந்தால் காய்ந்துவிடும். 24 மணி நேரத்தில் பிஎம்பி-4 மணியைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் ஒன்று நுண்ணோக்கியில் தெரியும். 1990-களிலேயே விவரிக்கப்பட்ட அடையாளம் அது. மரபணு வெளிப்பாட்டை அந்த வளையத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். அளவு மிகுந்தால் பிஎம்பி செல்களைச் சாகவும் செய்யும். அதனால் இறந்த செல்களைக் காட்டும் சாயச் சோதனையைப் பக்கத்துத் துண்டில் செய்து, உங்கள் வளையம் உயிருள்ள செல்களால் ஆனதுதான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடைவாய்ப்பல்லில் நான்கைந்து முகடுகள் எப்படி இவ்வளவு ஒழுங்காக அமைகின்றன? சிலருக்கு ஞானப்பல் ஏன் வருவதே இல்லை? (வாசகர்)

பதில்: தொப்பி நிலையில் மேலடுக்கின் நடுவே ஒரு சிறு செல் கூட்டம் பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. இதற்கு எனாமல் முடிச்சு என்று பெயர். பல்லின் வடிவத்தை வரைவது இந்த முடிச்சுதான். சோனிக் ஹெட்ஜ்ஹாக், பிஎம்பி-2, 4, 7, எஃப்ஜிஎஃப்-4, 9, சில விண்ட் புரதங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சுரக்கிறது. அதில் அழகான விஷயம் ஒன்று: எஃப்ஜிஎஃப் சுற்றியுள்ள செல்களைப் பெருகச் சொல்கிறது, அதைச் சுரக்கும் முடிச்சின் செல்களுக்கோ அதற்கான ஏற்பி இல்லை. சுற்றிலும் பெருகுகிறது, நடு அசையாமல் நிற்கிறது. விளைவு, அந்த இடத்தில் மடிப்பு விழுகிறது. வேலை முடிந்ததும் முடிச்சின் செல்கள் தாமாக இறந்துவிடுகின்றன.

தொப்பிக்கு அடுத்து, முளை கோயில் மணி போன்ற வடிவம் எடுக்கும் மணி நிலையில், கடைவாய்ப்பல்லில் இரண்டாம் முடிச்சுகள் தோன்றும். ஒவ்வொன்றும் பின்னாளில் ஒரு முகட்டின் உச்சி. முடிச்சு தன் பக்கத்தில் இன்னொன்று உருவாகாமல் தடுக்கும் பொருட்களையும் தூண்டுவதால் இடைவெளி தானாக அமைகிறது. அந்தத் தடுப்பான்களில் ஒன்று எக்டோடின். இதற்கு யூசாக்-1 என்ற பெயரும் உண்டு, பின்னால் மறுபடி வரும். இது இல்லாத சுண்டெலிகளில் முடிச்சு பெருத்து முகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன, கூடுதல் பற்களும் முளைக்கின்றன.

ஞானப்பல்லுக்கும் இதே தடுப்புக் கணக்குதான் என்று நினைக்க நல்ல ஆதாரம் இருக்கிறது. கவனா, எவன்ஸ், யெர்ன்வால் மூவரும் 2007-ல் சுண்டெலியின் முதல் கடைவாய்ப்பல் முளையிலிருந்து பின்பகுதியை வெட்டிப் பிரித்து வளர்த்தார்கள். பிரித்ததும் இரண்டாம் பல் சீக்கிரமாகவும் பெரியதாகவும் வந்தது. முன்னால் இருக்கும் பல் பின்னால் வருவதை அடக்குகிறது, தாடை மெசன்கைம் தூண்டுகிறது, இரண்டுக்கும் இடையிலான சமன்பாடு அளவைத் தீர்மானிக்கிறது. இந்தச் சமன்பாட்டின்படி இரண்டாம் பல் மூன்று கடைவாய்ப்பற்களின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காக நிற்கும், மாற்றமெல்லாம் முதல் பல்லிலும் மூன்றாம் பல்லிலும் விழும். மனிதரில் மூன்றாம் கடைவாய்ப்பல்லின், அதாவது ஞானப்பல்லின், முளை குழந்தைக்கு நான்கைந்து வயதாகும்போதுதான் தொடங்குகிறது. வரிசையில் கடைசி என்பதால் தடை சற்றுக் கூடினாலும் முதலில் விடுபடுவது அதுதான்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எக்ஸ்-ரேயில் கீழே இடதுபக்க இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் முளை இல்லை என்றார்கள். கால்சியம் மாத்திரை கொடுத்தால் வருமா? (ஒரு தாய்)

பதில்: கால்சியத்தால் வராது அம்மா, அதற்காக மாத்திரை வாங்க வேண்டாம். கால்சியம் தேவைப்படுவது பல் முளை உருவாகி, வடிவம் எடுத்து, செல்கள் எனாமலையும் டென்டினையும் படியவைக்கும் கட்டத்தில். முளையே தோன்றாதது அதற்கு வெகு முன்னால், சற்று முன் சொன்ன புரதப் பேச்சு அறுபட்டதால். கர்ப்ப காலத்தில் நீங்கள் எதையோ சாப்பிடாததால் இது நடந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பெரும்பாலும் மரபணு வழி வருவது இது.

ஆனால் "இல்லை" என்ற முடிவுக்கு இன்னும் அவசரம் வேண்டாம். இந்தப் பல்லின் முளை பிறந்து ஏறத்தாழ 10 மாதத்தில் தொடங்கும், சுண்ணம் படிவது இரண்டு, இரண்டரை வயதில். எக்ஸ்-ரே காட்டுவது சுண்ணம் படிந்ததை மட்டும். எல்லாப் பற்களிலும் அதிகமாகத் தாமதிப்பது இதுதான். எட்டு, ஒன்பது வயதில் திடீரென்று தெரிய ஆரம்பித்த குழந்தைகள் உண்டு. ஒன்பதரை, பத்து வயதில் முழுத்தாடை எக்ஸ்-ரே ஒன்று எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை மேலே இருக்கும் பால் கடைவாய்ப்பல்லை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைப்பல் இல்லை என்று உறுதியானாலும் அந்தப் பால் பல் வேர் கரையாமல் இருந்தால் பெரியவரான பிறகும் பல ஆண்டுகள் வேலை செய்யும். அதில் சொத்தை விழாமல் காப்பதுதான் இப்போது உங்கள் முதல் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பற்களின் மட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது எலும்போடு ஒட்டிக்கொண்டால் மற்றவை உயர, இது மட்டும் தாழ்ந்துகொண்டே போகும். தாழ்வு கூடினால் பல் சீரமைப்பு மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும். இன்னொரு நுணுக்கம்: பால் கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 10 மி.மீ., வர வேண்டிய நிலைப்பல்லின் அகலம் ஏழு, ஏழரை மி.மீ. கடி சரியாகப் பொருந்த, சில சமயம் பால் பல்லின் பக்கங்களை மெல்லச் செதுக்கிக் குறுக்குவார்கள்.

ஓரிரு பல் இல்லாதது அரிதல்ல. ஞானப்பல்லை விட்டுவிட்டால் நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு இது உண்டு. இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் மேல் பக்கவாட்டு வெட்டுப்பல்லும்தான் அடிக்கடி விடுபடுபவை. ஞானப்பல் தவிர ஆறு அல்லது அதற்கு மேல் இல்லையென்றால் மட்டும் மரபியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். விண்ட்-10ஏ, எம்எஸ்எக்ஸ்-1, பேக்ஸ்-9, ஆக்சின்-2, எக்டோடிஸ்ப்ளாசின் ஆகிய மரபணுக்களைப் பார்ப்பார்கள். வியர்வை வருகிறதா, முடி மெலிந்திருக்கிறதா, நகம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். குடும்பத்தில் குடல் புற்றுநோய் உண்டா என்ற கேள்வியும் வரும், அதைக் கண்டு பதற வேண்டாம். ஆக்சின்-2 மரபணு விண்ட் சமிக்ஞைக்குக் கடிவாளம். அது பழுதான ஒரு ஃபின்லாந்துக் குடும்பத்தில் பல நிலைப்பற்கள் இல்லாததும் பெருங்குடல் கட்டிகளும் சேர்ந்தே வந்ததை 2004-ல் கண்டறிந்தார்கள். உங்கள் மகளின் ஒரு பல்லுக்கு இந்தக் கவலை பொருந்தாது.

கேள்வி: ஈறுக்குள் பல் முழுதாக இருக்கிறது, மேலே மட்டும் வரவில்லை. தைராய்டு காரணமாக இருக்குமா? கம்பி போட்டு இழுக்கலாமா? (வாசகி)

பதில்: எல்லாப் பற்களும் பொதுவாகத் தாமதமானால் தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இரண்டையும் பார்க்க வேண்டும். ஓரிரு பற்கள் மட்டும் நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் உள்ளூரில் இருக்கும்: இடமின்மை, கூடுதல் பல், நீர்க்கட்டி, அல்லது சமிக்ஞைக் கோளாறு.

பல் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு மேலே வருவதாக நாம் நினைப்போம். 1984-ல் மார்க்ஸ், கேஹில் இருவரும் நாயின் தாடையில் வளரும் பல்லை எடுத்துவிட்டு, சுற்றியிருந்த பல் பையை மட்டும் விட்டு, உள்ளே செயற்கைப் பல்லை வைத்தார்கள். செயற்கைப் பல் மேலே வந்தது. பையை எடுத்துவிட்டால் உண்மையான பல்கூட வராது. வழியைத் திறப்பது பை. பல் முளையின் எபிதீலியம் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. பாராதைராய்டு ஹார்மோனின் நெருங்கிய உறவு அது, இரண்டுக்கும் ஏற்பியும் ஒன்றே. அதைக் கேட்டு, பையின் மேற்பகுதி சிஎஸ்எஃப்-1, ராங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதங்கள் மூலம் எலும்பு தின்னும் செல்களை வரவழைத்துப் பாதை வெட்டுகிறது. கீழ்ப்பகுதி எலும்பைக் கட்டுகிறது.

அந்த ஏற்பியின் மரபணு பழுதானால் "முதன்மை முளைப்புத் தோல்வி" வரும். 2008-ல் இது நிரூபிக்கப்பட்டது. அடையாளங்கள்: பாதிப்பு கடைவாய்ப் பகுதியில், ஒரு பல் நின்றால் அதன் பின்னால் இருப்பவையும் நிற்கும், மேலே எலும்பு விலகியிருந்தும் பல் நகராது, பின்பற்கள் கடிக்கும்போது ஒன்றையொன்று தொடாது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். இந்தப் பல்லுக்குக் கம்பி போடவே கூடாது. இழுத்தவுடன் அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும், தொடர்ந்து இழுத்தால் நல்ல பற்கள் கீழே இறங்கிக் கடி இன்னும் திறக்கும். ஆகவே இந்த அடையாளங்கள் பொருந்தினால் கம்பிக்கு முன்பே மரபணுப் பரிசோதனை கேளுங்கள். பொருந்தவில்லை, வெறும் இடமின்மைதான் என்றால் கம்பி நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: வேர் நுனி மூடாத, பல்கூழ் செத்த பல்லில் மீளுருவாக்கச் சிகிச்சை செய்யும்போது கடைசி அலசலுக்கு ஈடிடிஏ ஏன்? (பல் மருத்துவர்)

பதில்: டென்டின் உருவான காலத்தில் அதைச் சுரந்த செல்கள் டிஜிஎஃப்-பீட்டா-1, பிஎம்பி போன்ற புரதங்களையும் சேர்த்துத் தாதுக்குள் பூட்டிவைத்துவிட்டன. 17 சதவீத ஈடிடிஏ கால்சியத்தைக் கவர்ந்து அந்தப் பூட்டைத் திறக்கிறது. வெளிப்படும் புரதங்கள், உள்ளே வரும் ரத்தத்தோடு சேரும் மூலச்செல்களைச் சுவரில் ஒட்டவும் வேறுபடவும் தூண்டுகின்றன. இதை மனதில் வைத்தால் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி என்பது விளங்கும்.

முதல் வருகையில் 1.5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மி.லி., ஐந்து நிமிடம், ஊசி வேர் நுனிக்கு 1 மி.மீ. முன்னால். அதன்பின் உப்பு நீர் அல்லது ஈடிடிஏ 20 மி.லி., ஐந்து நிமிடம். 5 சதவீதக் கரைசல் கிருமியோடு வேர் நுனித் திசுவின் மூலச்செல்களையும் கொன்றுவிடும், டென்டின் புரதங்களையும் சிதைத்துவிடும். உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுங்கள். ஆன்டிபயாடிக் பசை என்றால் மி.லி.க்கு 5 மி.கி.யைத் தாண்டாதீர்கள், மினோசைக்ளினை விலக்கினால் நிறமாற்றம் குறையும்.

ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து, கிருமித் தொற்றின் அடையாளம் இல்லாவிட்டால் இரண்டாம் வருகை. மரத்துப்போக 3 சதவீத மெபிவகெய்ன், அட்ரினலின் கலக்காதது. அட்ரினலின் இருந்தால் ரத்தம் வராது, இச்சிகிச்சை தோற்பதற்கு இது எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம். 17 சதவீத ஈடிடிஏ 20 மி.லி. இறுதி அலசல். அதற்குப் பின் ஹைப்போகுளோரைட்டைத் தொடாதீர்கள், திறந்த புரதத்தை நீங்களே அழித்ததாகும். உலர்த்திவிட்டு, முன்கூட்டி வளைத்த ஃபைலை வேர் நுனிக்கு 2 மி.மீ. வெளியே சுழற்றி ரத்தம் வரவழையுங்கள். மேலே 3 முதல் 4 மி.மீ. மூடுபொருளுக்கு இடம் விட்டு ரத்தம் நின்று உறைந்ததும் எம்டிஏ அல்லது பயோசெராமிக், அதன்மேல் நிரப்பி. 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்-ரே.

வேர் நீள்வதும் சுவர் தடிப்பதும் பலருக்குக் கிடைக்கும். ஆனால் உள்ளே உருவாகும் திசு பெரும்பாலும் சிமென்டம், எலும்பு வகையைச் சேர்ந்தது. நோயாளியிடம் "பழைய பல்கூழ் திரும்ப வந்துவிடும்" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சுண்டெலிக்கு முன்பல் ஆயுள் முழுக்க வளர்கிறது. நமக்கு ஏன் இல்லை? எனாமல் ஏன் மறுபடி வளர்வதில்லை? (பள்ளி மாணவி)

பதில்: சுண்டெலி முன்பல்லின் அடியில் மூலச்செல் கூடு ஒன்று இருக்கிறது, அதை எஃப்ஜிஎஃப்-10 காப்பாற்றுகிறது. வேர் உள்ள பற்களில், நம்முடையதைப்போல, வேர் உருவாகும் நேரத்தில் அந்தச் சமிக்ஞை நின்றுவிடும், கூடும் கலைந்துவிடும். எனாமலைச் சுரக்கும் செல்களோ பல் வாய்க்குள் எட்டிப்பார்க்கும் நேரத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. சுரக்க ஆளே இல்லாததால் எனாமல் வளர்வதில்லை. டென்டினைச் சுரக்கும் செல்கள் பல்கூழின் ஓரத்தில் உயிரோடு இருப்பதால் டென்டின் மட்டும் உள்ளிருந்து படிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பிறவியிலேயே பல் இல்லாதவர்களுக்கு மருந்து வந்துவிட்டதா? பல் முளைக்க ஊசி என்று படித்தோம். (பல வாசகர்கள்)

பதில்: இரண்டு வேறு மருந்துகள் ஒன்றாகக் குழம்பி வருகின்றன.

முதலாவது எக்டோடிஸ்ப்ளாசின். இந்தப் புரதம் இல்லாத ஆண்களுக்கு வியர்வை வராது, முடி மெலிந்திருக்கும், பற்கள் சிலவே இருக்கும், அவையும் கூம்பு வடிவில். சிந்துப் பகுதியில் ஒரே குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இப்படி இருந்ததை 1875-லேயே டார்வின் எழுதியிருக்கிறார். பெண்கள் மூலம் பேரன்களுக்குப் போவதையும் அவர் கவனித்தார். மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் குழு, இந்தப் புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, தாயின் பனிக்குட நீருக்குள் செலுத்தியது. இரட்டையருக்கு 26, 31-ஆம் வாரங்களில், மற்றொரு கருவுக்கு 26-ஆம் வாரத்தில். கரு அந்த நீரை விழுங்க, குடல் வழியே புரதம் உள்ளே போகிறது. பிறந்த மூன்று ஆண் குழந்தைகளுக்கும் இயல்பாக வியர்த்தது என்று 2018-ல் அறிவித்தார்கள். வியர்வைச் சுரப்பி உருவாகும் வாரங்களுக்குள் கொடுத்தால்தான் பலன். வளர்ந்தவருக்குக் கொடுத்துப் பயனில்லை. ஆகவே தாய் இந்த மரபணுவைச் சுமப்பவரா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். சுமப்பவர்களுக்கு ஓரிரு பல் இல்லாமலோ, கூம்பாகவோ இருப்பது பயனுள்ள அடையாளம்.

இரண்டாவது, ஜப்பானில் கட்சு தகஹாஷி குழு உருவாக்கியது. இது புரதத்தைக் கொடுப்பதில்லை, தடையை நீக்குகிறது. முன்பே பார்த்த யூசாக்-1, பிஎம்பியையும் விண்டையும் அடக்கும் தடுப்பான். அதைக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளை ஊசியாகச் செலுத்தியபோது, பல் குறைபாடுள்ள சுண்டெலிகளிலும், ஃபெரட் என்ற சிறு ஊனுண்ணியிலும் பல் வளர்ந்ததை 2021-ல் வெளியிட்டார்கள். 2024-ல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதரில் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. 30 முதல் 64 வயது வரையிலான, குறைந்தது ஒரு பல் இல்லாத 30 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். முதல் கட்டத்தின் நோக்கம் பாதுகாப்பைப் பார்ப்பது. யூசாக்-1 சிறுநீரகத்திலும் நிறைய இருக்கிறது, பிஎம்பி உடல் முழுக்க வேலை செய்கிறது, எனவே இந்த எச்சரிக்கை தேவைதான். அடுத்ததாக அவர்கள் மனதில் வைத்திருப்பது பிறவியிலேயே பல பற்கள் இல்லாத சிறு குழந்தைகளை. அவர்களுடைய தாடையில் பாதியில் நின்றுபோன முளை இருக்க வாய்ப்புண்டு, தடையை எடுத்தால் அது தொடரலாம். சொத்தையில் பல்லை இழந்தவருக்கு இன்று இந்த ஊசி கிடைக்காது. அப்படி விற்கிறோம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விழும் பால் பல்லைச் சேமிப்பு வங்கியில் வைத்தால் பின்னாளில் புதுப் பல் செய்யலாமா? (ஒரு தந்தை)

பதில்: பால் பல்லின் கூழில் மூலச்செல்கள் இருப்பது உண்மை, 2003-ல் காட்டப்பட்டது. ஆனால் அவை கீழடுக்கு வகைச் செல்கள் மட்டும், பல்லைத் தொடங்கச் சொல்லும் திறனும் அவற்றுக்கு இல்லை. இதுவரை செல்களிலிருந்து முழுப் பல் செய்து சுண்டெலித் தாடையில் முளைக்க வைத்தவர்கள், 2009-ல் ஜப்பானில் சுஜி குழுவினர், கருவின் பல் முளையிலிருந்தே இரண்டு அடுக்குச் செல்களையும் எடுத்தார்கள். புதுப் பல்லுக்காக என்றால் வங்கியில் பணம் கட்ட இன்று காரணம் இல்லை. பல்கூழ் சிகிச்சை போன்ற வேறு பயனுக்காக வைக்க விரும்பினால், பல் தானாக விழும் வரை காத்திருக்காதீர்கள். வேர் முழுதும் கரைந்து, ஆடி ஆடி, காய்ந்து விழுந்த பல்லில் உயிருள்ள கூழ் இருக்காது. கூழில் இன்னும் சிவப்பு தெரியும் நிலையில் மருத்துவர் எடுத்து, உடனே குளிர்ந்த ஊடகத்தில் இட்டு அனுப்பியது மட்டுமே செல் வளர்ப்புக்கு ஆகும்.